ஏழரை

பெயர் எழுத வேண்டாம் என்று
தாளின் தலையில் தடித்த எழுத்தில் போட்டது நான்தான்.
பணிச்சோர்வு என்ற சொல்லைப் போடச் சொன்னது
நெறிமுறைக் குழு.
முகம் கழுவினால் போய்விடுகிற மாதிரி ஒரு சொல்.
சரி என்று போட்டேன்.

ஐம்பத்திரண்டு பட்டமேற்படிப்பு மாணவர்கள்.
திரும்பி வந்தவை நாற்பத்தாறு.
சிலவற்றில் டீ டம்ளரின் வட்டம்,
ஒன்றில் பதில்களே இல்லை, ஒரு ரிக் லாரி மட்டும்,
துளைக்குழாய், ஏணி, பின் விளக்கு எல்லாம் அச்சு அசலாக.
திருச்செங்கோட்டுப் பையனாக இருக்குமோ என்று நினைத்து
நினைத்ததற்காக என்னைத் திட்டிக்கொண்டேன்.

கேள்வி நான்கு:
போன வாரம் உட்கார்ந்து சாப்பிட்டது எத்தனை வேளை?
"உட்கார்ந்தா?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டிருந்தார்.

கேள்வி ஒன்பது:
உங்கள் கை அளவுக்குக் கையுறை கிடைக்கிறதா?
பெண்கள் பதினெட்டில் பதினாறு பேர் இல்லை.
ஸ்டோர் மாரப்பன் பேரேட்டைப் புரட்டிச் சொன்னார்:
"ஏழரைதானுங் மேடம் எப்பவும் வருது.
ஆறு, ஆறரையெல்லாம் ஆருங் எழுதிக் கேட்டாங்க?"
என் படிப்புக் காலமும் ஏழரைதான்.
விரல் நுனியில் தொங்கும் ரப்பர்
முடிச்சுக்குள் சிக்கி முடிச்சோடு இறுகும்.
அவிழ்த்து மறுபடி போடுவேன்.
கை மெதுவுங்க அந்தப் பொண்ணுக்கு, என்பார்கள்.

கேள்வி பன்னிரண்டில்தான் மாட்டினேன்.
இங்கே சாதி என்னவென்று யாரும் கேட்பதில்லை.
எந்த ஊருங், ஊருக்குள்ள எந்தப் பக்கமுங்,
குலசாமி எதுங்.
அவ்வளவுதான். மரியாதையாகத்தான்.
தமிழிலும் எழுதலாம் என்றிருந்தேன்.
எழுதியது ஒரே ஒருவர், நாற்பத்தொன்றாம் தாளில்:
"கேட்டார்கள். சொன்னேன்.
அன்றிலிருந்து ரிட்ராக்டர் பிடிக்கிறேன். வேறு ஏதும் இல்லை."

அந்த 'ழ'வை எனக்குத் தெரியும்.
ஒப்புதல் படிவங்களில் பழனாள், பழனியப்பன் என்று
வாலை இழுத்துவிட்டு எழுதுகிற கை.
என் யூனிட்.
தியேட்டர் பதிவேட்டைப் பூட்டிய அறையில் எடுத்துப் பார்த்தேன்.
பதினோரு மாதம். ஒரு குடல்வால் கூட இல்லை.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
என் கையெழுத்து.

நான் கேட்கவில்லை. சத்தியமாக நான் கேட்கவில்லை.
கேட்டவர்கள் போட்ட பட்டியலில்
கையெழுத்துப் போட்டேன்.

கூப்பிட்டுப் பேச முடியாது, பெயர் வேண்டாம் என்றிருக்கிறேன்.
பேசாமல் இருக்கவும் முடியாது.
ஆகவே ஐம்பத்திரண்டு பேருக்கும் முறை வைத்தேன்,
வாய்க்கால் தண்ணீருக்கு வைக்கிற மாதிரி.
கத்தி முறைப்படி. ஞாயிறு முறைப்படி.
சீஃப் குழந்தைவேல் சிரித்தார்:
"ஆராய்ச்சி நடக்கறப்பவே வைத்தியம் பண்ணுனா
உங்க டேட்டா என்னாகுமுங்?"
கெட்டுத்தான் போகும்.
வரம்புகள் என்ற பகுதியில் ஒரு வரி சேர்த்தேன்:
ஆய்வாளருக்கு ஒரு கையெழுத்து தெரிந்துவிட்டது.
அதை அடித்தேன்.
தெரிந்தது என்று எழுதினாலே தெரிந்துவிடும்.

மூன்று வாரம் கழித்து, இரவு இரண்டு மணி.
மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்,
வலது அடிவயிற்றில் வலி.
கழுவக் கழுவத் தோலின் கோடுகளில் மஞ்சள்;
அயோடின் எது, மண்டி எது என்று பிரிக்க முடியவில்லை.
முறைப்பட்டியலைப் பார்த்தேன்.
கத்தியை நீட்டிய என் கையை
கொஞ்ச நேரம் யாரும் வாங்கவில்லை.
பிறகு வாங்கினார்கள்.

ஆறு எண் இன்னும் வரவில்லை. டெண்டரில் இருக்கிறதாம்.
ஏழரைதான் போட்டிருந்தோம், இரண்டு பேரும்.

ரிட்ராக்டர் என் கையில்.
இருபத்திரண்டு வருஷமாகிறது அதைப் பிடித்து.
நான்காம் நிமிடத்தில் மணிக்கட்டு கடுத்தது.
ஏழாம் நிமிடத்தில் தோள்.

முகமூடிக்குப் பின்னாலிருந்து,
தலை நிமிராமல்:
"மேடம், இன்னுங் கொஞ்சம் இழுத்துப் புடிங்.
தெரியலீங்."